ஆளுக்கு ஒரு கப்

ஜோதிலட்சுமி அமெரிக்கா போன ஆறாவது மாதத்தில், அவள் வருவதற்குப் பதிலாக ஒரு பீங்கான் சாமான் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் ஜீவானந்தம். மாப்பிள்ளை மதியழகனோடு போர்ட்லண்டில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிற பையன். சேலையூரில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க லீவில் வந்திருந்தான். ராதா நகர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து வந்து நின்றவனுக்கு ஜோதிலட்சுமியின் கணவர் வேதாசலம் ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொடுக்க வீட்டில் வேறு ஒன்றும் இல்லை.

"ஆன்ட்டி குடுத்தனுப்பினாங்க அங்கிள். உடையற சாமான், பத்திரமா சேத்துடுன்னு நாலு தடவ சொன்னாங்க. பெட்டியில வெக்காம கையிலயே எடுத்துட்டு வந்தேன்."

குழந்தைத் துண்டு ஒன்றில் சுற்றிய பொட்டலம். பிரித்தால், வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் கப். டீ கப்புக்கு இருப்பது போலக் காது. கீழே சாஸர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கப் அடியில் குறுகிக் குறுகிப் போய், கடைசியில் பெரிய ஓட்டை. கூடவே தடிமனான ஒரு கட்டுக் காகிதம், பொரி மடிக்கிற பொட்டலத்தின் வடிவத்தில்.

"என்னப்பா இது, ஓட்டை கப்பு?"

ஜீவானந்தம் சிரித்தான். "காபி டிரிப்பர் அங்கிள். இத டம்ளர் மேல வெச்சு, பேப்பரப் போட்டு, பொடியப் போட்டு, சுத்திச் சுத்தி வெந்நீர் ஊத்தணும். அவ்வளவுதான். அங்க மதி வீட்டுல தினமும் இதான். ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் போட முடியும். தனியா இருக்கறவங்களுக்கு ரொம்ப வசதி."

அவன் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் போகவில்லை. ஹாலிலேயே உட்கார்ந்திருந்தது.

மகள் தீபாவுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள் ஜோதிலட்சுமி. மழைக்கு முன்னால் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேத்தி பிறந்தாள், குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள், குரோம்பேட்டையில் மழையும் ஒரு முறை தலை காட்டிவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். சாப்பிட்டீங்களா, குளிரா இருக்கா, பாப்பா என்ன பண்றா, கரண்ட் பில் கட்டியாச்சா. எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. கேட்டால், பெண்டாட்டி இல்லாமல் இருக்க முடியாத மனுஷன் என்று மகள் நினைத்துக்கொள்வாளோ என்று அவருக்குக் கூச்சம். உண்மையில் வேதாசலம் பெண்டாட்டி இல்லாமல் இருக்க முடியாத மனுஷன்தான். அதை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை.

கிண்டி எஸ்டேட்டில் அச்சுகள் செய்யும் ஒரு டூல்ரூமில் அவர் டிசைனர். பகலில் பேச்சுக்குக் குறைவில்லை. மாலை ரயிலைவிட்டு இறங்கி வீட்டுப் பூட்டைத் திறந்ததும் வாய் தானாக மூடிக்கொள்ளும். டி.வி.யைப் பார்ப்பதற்காக இல்லாமல் சத்தத்துக்காகப் போட்டுவைப்பார். ஜி.எஸ்.டி. ரோடு மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த சாப்பாட்டைப் பொட்டலத்திலேயே வைத்துச் சாப்பிடுவார். விசில் அடிக்கும் குக்கரைப் பார்த்து "இரு, வரேன்" என்று பதில் சொல்லும் அளவுக்கு வந்திருந்தார்.

எல்லாவற்றையும்விடக் காபிதான் படுத்தியது. அது நான்கு பேர் இருந்த குடும்பத்துக்கு வாங்கிய பித்தளை ஃபில்டர். ஒருத்தருக்கென்று பொடி போட்டால் அடித்தட்டைக்கூட மறைக்காது, தண்ணீர் தடதடவென்று இறங்கிவிடும். நிறையப் போட்டால் டிகாஷன் மிஞ்சும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் குடித்தால் காபியில் நேற்றைய சாம்பார் மணக்கும். கடைசியில் இன்ஸ்டன்ட் பொடிக்கு இறங்கியிருந்தார். அதைக் காபி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "பழுப்பு வெந்நீர்" என்றுதான் சொல்லுவார், சொல்ல ஆள் இருந்தால்.

இப்போது இது வந்திருக்கிறது. ஒருத்தருக்கு மட்டும். கட்டுக் காகிதத்தைப் பெருவிரலால் புரட்டிப் பார்த்தார். வருஷத்துக்கு வரும் போலிருந்தது. ஆக, அவள் வரப்போவதில்லை. வாயால் சொல்ல மனமில்லாமல் ஜாடையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். உங்க காபிய நீங்களே போட்டுக்கோங்க. அப்படித்தான் அவர் புரிந்துகொண்டார். சட்டென்று கோபம் வந்து, அதைத் துண்டோடு சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

கோபம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கியது. வாழ்நாள் முழுக்க அச்சும் அளவும் வரைந்த கை, அது சும்மா இருக்குமா? இறக்கி மேஜைமேல் வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கோணத்திலும் வரைந்தே பார்த்துவிட்டார். ஒரு ஸ்க்ரூ இல்லை, மூடி இல்லை, அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. உள்சுவரில் மட்டும் மேலிருந்து கீழாக வரப்பு வரப்பாக ஓடியது. அழகுக்கு என்று முதலில் நினைத்தார். ஒரு காகிதத்தை நனைத்து உள்ளே ஒட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஈரக் காகிதம் வழவழப்பான சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டால் காற்று போக வழியிருக்காது, தண்ணீரும் இறங்காது. அந்த வரப்புகள் காகிதத்தைச் சுவரிலிருந்து ஒரு நூலளவு தள்ளி நிறுத்துகின்றன. ஓட்டை ஏன் அவ்வளவு பெரிது? வேகத்தை ஓட்டை தீர்மானிக்கக் கூடாது, ஊற்றுகிற கைதான் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காக. இதை வரைந்தவன் எமகாதகன் என்று சத்தமாகவே சொன்னார். அந்த வீட்டில் பல நாள் கழித்து ஒலித்த பாராட்டு அது.

முதல் காபி வெள்ளக்காடாகிவிட்டது. வீட்டிலிருந்த பொடி சிக்கரி கலந்தது, மாவு மாதிரி அரைத்தது. வெந்நீரை ஊற்றியதும் காகிதம் அடைத்துக்கொண்டு, மழைக்கால அனகாபுத்தூர்ச் சந்து மாதிரி தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது. டம்ளரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது ஆறிப் போன கஷாயம்.

காபிப்பொடிக் கடை ரங்கனிடம் போய், சிக்கரி வேண்டாம், ரவை மாதிரி அரைத்துக் கொடு என்றார்.

ரங்கன் மிஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார், உடம்பு கிடம்பு நல்லாகீதா? சிக்கரி இல்லாம, கொரகொரன்னு அரைச்சா, ஃபில்டர்ல நிக்காம ஓடிப்பூடும். அப்பால காபி தண்ணியா கீதுன்னு என்னாண்ட சண்டைக்கு வரக் கூடாது."

"வர மாட்டேன்பா. அரை."

"அக்கா ஊர்லேர்ந்து வந்தா என்னிய கேப்பாங்க சார். பேஜாரு."

"அக்கா வரமாட்டா" என்று சொல்ல வாயெடுத்து, "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் கை பழகியது. கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து, முதலில் வெறும் கப்பிலேயே கொஞ்சம் ஊற்றிச் சூடாக்க வேண்டும். அந்தப் பீங்கான் ஏன் அவ்வளவு கனம் என்பது அப்போதுதான் புரிந்தது, ஏறிய சூட்டை அது விடுவதில்லை. பிறகு காகிதம், பொடி. நடுவில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். பொடி உப்பி எழுந்து மூச்சு விடும். அது அடங்கும் வரை பொறுத்து, நடுவிலிருந்து வெளியே, வெளியேயிருந்து நடுவுக்கு, கோலத்துக்கு மாவு விடுவது போல விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபில்டருக்கு நாம் தேவையில்லை. ஊற்றினாயா, மூடினாயா, போய் உன் வேலையைப் பார் என்று சொல்லிவிடும். இது அப்படி விடாது. முடியும் வரை பக்கத்திலேயே நின்றாக வேண்டும். அதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. அந்த வீட்டில் நீ இரு, போகாதே என்று அவரிடம் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. சமையலறை முழுக்க மணம் ஏறும். துளி பால்தான் விடுவார், அதிகம் விட்டால் இந்தக் காபிக்கு ஆகாது. முதல் வாய் உள்ளே போனதும் நன்றாயிருக்கிறது என்று திரும்புவார். திரும்பினால் ஃப்ரிட்ஜ்தான் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் டேனியல் வழக்கம்போல இறங்கி வந்து மோட்டாரைப் போட்டார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், விசில் ஊதி ஊதி வீட்டிலும் சத்தமாகவே பேசுகிறவர். வேதாசலம் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே உட்காரவைத்தார். வித்தை காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் விடுவாரா? காகிதம் ஏன், வரப்பு ஏன், ஓட்டை ஏன் என்று ஒரு பாடமே நடத்தி, ஒரு கப் போட்டுக் கொடுத்தார்.

டேனியல் ஒரு வாய் குடித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "ஏ ஒன் சார்! ஓட்டல் தோத்துச்சு. உங்களுக்கு?"

தனக்கும் போட வேண்டும். புதுக் காகிதம், புதுப் பொடி என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சோம்பலாக இருந்தது. பொடிதான் உள்ளே இருக்கிறதே என்று, நம் பக்கத்து ஆள் எவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அதே பொடியின் மேலேயே இன்னொரு முறை வெந்நீரை ஊற்றினார். இரண்டாம் டிகாஷன். பால் விட்டு எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

டேனியல் அவருடைய டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், நீங்களும் மேடம் மாதிரி லைட்டா குடிக்க ஆரம்பிச்சுட்டீங்க? இது மேடம் காபி கலராச்சே!"

"அவளுக்கு லைட்டா இருந்தாத்தான்..." என்று ஆரம்பித்தார் வேதாசலம்.

வாக்கியம் அத்தோடு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அவளுக்கு லைட்டா இருந்தாத்தான் பிடிக்கும். டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். சுடுதண்ணீரில் காபிப்பொடி டப்பாவைக் கழுவினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இரண்டாவது வாய் இறங்கவில்லை.

மறைவாக ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் அவர் கண்ணெதிரேதான் நடந்தது. காலையில் ஜோதிலட்சுமி ஃபில்டரைத் திறப்பாள். முதல் டிகாஷனில் அவருக்கு ஒன்று, அம்மா இருந்தவரை அம்மாவுக்கு ஒன்று, தீபா பெரியவளானதும் தீபாவுக்கு ஒன்று, யாராவது வந்திருந்தால் அவர்களுக்கு. எல்லாருக்கும் கொடுத்து முடித்ததும் அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றுவாள். அது இறங்கியதும் தனக்குக் கலந்துகொள்வாள். ஒரு முறை அவள் டம்ளரைத் தவறுதலாக எடுத்துக் குடித்துவிட்டு, "உனக்குக் காபி குடிக்கவே தெரியல ஜோதி" என்று அவர் கேலி செய்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்து அவருக்கு முகம் சுட்டது.

மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "ஐயோ, டேங்க் நிரம்பிடுச்சு சார்!" என்று டேனியல் எழுந்து ஓடினார்.

டெலிபோன் அடித்தது அப்போதுதான். தீபலட்சுமி.

"அப்பா, அம்மா பாப்பாவத் தூங்க வெச்சிட்டு இருக்காங்க. உங்கள ஒண்ணு கேக்கணும். அம்மா இங்க தங்கற தேதி முடியப் போகுது. இன்னும் ஆறு மாசத்துக்கு எக்ஸ்டென்ஷன் போடலாம். நானும் வேலைக்குத் திரும்பணும். அம்மா கிளம்பறதா இருந்தா பாப்பாவ விட டே-கேர்ல ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கோம், அதுலயும் ஒண்ணும் கஷ்டமில்ல. எது பண்ணட்டும்னு அம்மாவக் கேட்டா, அப்பாவக் கேளுங்கறாங்க."

அனுப்பி வெச்சுடும்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. குளிக்கும்போதும் ரயிலில் நிற்கும்போதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துத் தயாராக வைத்திருந்த பதில்தான். ஆனால் நாக்கில் இன்னும் அந்தக் கழுவின தண்ணீரின் ருசி இருந்தது.

"அம்மா அங்க காலைல என்ன காபி குடிக்கிறா?"

"என்னப்பா, திடீர்னு!" மகள் சிரித்தாள். "அவர்தான் போட்டுத் தர்றாரு, டிரிப்பர்ல. ஆளுக்கு ஒரு கப், தனித்தனியா. அம்மாவுக்குத்தான் முதல்ல. நல்லா ஸ்ட்ராங்கா கேக்கறாங்க இப்பல்லாம். முதல் நாள் குடிச்சிட்டு, காபின்னா இதானான்னு கேட்டாங்க. நாங்க சிரிச்சிட்டோம்."

வேதாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"இருக்கட்டும்மா, அம்மா அங்கயே இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் போட்டுடு."

"நிஜமாவாப்பா? நீங்க தனியா..."

"எனக்கென்ன? அதான் டிரிப்பர் வந்திடுச்சே. நான் பாத்துக்குவேன்."

போனை வைத்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவளுக்காக என்று தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைச் செய்துவிட்ட மிடுக்கு. அந்த வாரம் முழுக்க அதே மிடுக்கோடு நடந்தார். காலையில் காபி போட்டார், பூட்டினார், போனார், வந்தார், திறந்தார். மிடுக்கு நாளுக்கு நாள் கரைந்து, சனிக்கிழமை சாயங்காலம் வெறும் வீடு மட்டும் மிஞ்சியது. இன்னும் ஆறு மாதம். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பார்க்க யாரும் இல்லை என்பதால் கண்ணைத் துடைக்கவும் அவசரப்படவில்லை.

மறுநாள் காலை ஜோதிலட்சுமியே கூப்பிட்டாள்.

"அது பத்திரமா இருக்குதாங்க?"

"எது?"

"அந்தப் பீங்கான் டிரிப்பர். துண்டோட அலமாரியில வெச்சிருக்கீங்கதானே?"

"அதுலதான் தினமும் காபி போடறேன். நல்லா பழகிட்டேன்."

"நீங்களா? எதுக்குங்க? உங்களுக்குத்தான் ஃபில்டர் இருக்கே."

"எனக்குத்தானே அனுப்பின?"

"உங்களுக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. வந்து பாதியில் நின்றது. "அது எனக்குங்க. ஊருக்குக் கிளம்பறப்ப பெட்டியில வெச்சா உடைஞ்சிடும். ஜீவானந்தம் கையில எடுத்துட்டுப் போறேன்னு சொன்னதும் முன்னாடியே குடுத்தனுப்பினேன். வந்ததும் எனக்குன்னு ஒரு கப் போட்டுக்கலாம்னு ஆசையா இருந்துச்சு."

"அப்ப நீ வர்றதாத்தான் இருந்தியா?"

"பின்ன? மழைக்கு முன்ன வந்துடறேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"தீபா கேட்டப்ப ஏன் அதச் சொல்லல? என்னை ஏன் கேக்கச் சொன்ன?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று உருளும் சத்தம் கேட்டது.

"இத்தன மாசத்துல ஒரு தடவகூட எப்ப வர்றன்னு நீங்க கேக்கல. உங்க வாயால அனுப்பி வைன்னு ஒரு தடவ வரட்டுமேன்னுதான் கேக்கச் சொன்னேன். நீங்க இருக்கட்டும்னுட்டீங்க. பாத்துக்குவேன்னுட்டீங்க."

"உனக்காகத்தான் ஜோதி சொன்னேன். சத்தியமா உனக்காகத்தான். இங்க எல்லா நாளும் நீ ரெண்டாம் டிகாஷனையே குடிச்ச. நான் ஒரு நாளும் கவனிக்கல. அங்க உனக்கு முதல் காபி கிடைக்குதுன்னு தீபா சொன்னா. அதனால..."

சொல்லச் சொல்ல, அது எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலிக்கிறது என்று அவர் காதுக்கே கேட்டது.

"காபிக்காகவாங்க நான் இங்க உக்காந்திருக்கேன்?" என்றாள் அவள்.

இனிக் கூச்சப்பட என்ன இருக்கிறது? "வந்துடு ஜோதி" என்றார். "நீ இல்லாம என்னால முடியல. வீடு வீடா இல்ல. எக்ஸ்டென்ஷன் பேப்பர் அனுப்பியிருந்தா இருந்துட்டுப் போவுது, நீ கிளம்பி வந்துடு."

"தீபா வேலையில சேந்துட்டா. டே-கேர் இடத்த வேணாம்னு சொல்லியாச்சு, அது வேற யாருக்கோ போயிடுச்சு. இந்தா, பாப்பா என் மடியிலதான் இருக்கா." குழந்தை ரிசீவரை இழுத்திருக்க வேண்டும், கரகரவென்று சத்தம் வந்தது. அதை விலக்கிவிட்டு ஜோதிலட்சுமி மறுபடி பேசினாள். "இப்பச் சொல்றீங்களே."

குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.